ஒரு ரெப்போவில் இருக்கும் பிராஞ்சை வேறொரு ரெப்போவுக்கு வரலாறோடு கொண்டுபோவது எப்படி?

பழைய ரெப்போவில் (கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் கிட் என்ற கருவி சேர்த்து வைக்கும் கிடங்கு) ஒரு பிராஞ்ச் பாதி வேலையோடு நிற்கிறது. இனி வேலை புது ரெப்போவில்தான் என்று முடிவாகிவிட்டது. இந்த நிலையில் பலரும் கோப்புகளை அப்படியே நகலெடுத்து, புது ரெப்போவில் ஒட்டி, ஒரே கமிட்டாகப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்ற தகவல் முழுவதும் அதோடு போய்விடும். ஆறு மாதம் கழித்து ஒரு பிழையைத் துரத்தும்போது அந்தத் தகவல்தான் வேண்டியிருக்கும். வரலாறோடு நகர்த்துவதற்குச் சில கட்டளைகளே போதும்.

கிட் உங்கள் கணினியில் இருக்கிறது, கமிட், புஷ் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எடுத்துக்காட்டில் நகர்த்தப்போகும் பிராஞ்சின் பெயர் 'தேடல்'. பழைய ரெப்போவுக்கு நான் வைக்கும் பெயர் 'பழசு'.

பட்டன் அழுத்தும் மென்பொருள்களைவிட இந்த வேலைக்கு டெர்மினல்தான் நல்லது. எந்த ரிமோட்டுக்கு (பெயர் வைத்துச் சேர்த்த வெளி ரெப்போ முகவரிக்கு) எது போகிறது என்பதைப் பட்டன்கள் மறைத்துவிடும். இங்கே நமக்கு முக்கியமே அதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கிட்டில் பிராஞ்ச் என்பது கோப்புகள் அடங்கிய பெட்டி இல்லை, ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர் மட்டுமே. அந்தக் கமிட் தன் முந்தைய கமிட்டைச் சுட்டும், அது அதற்கு முந்தையதை. ஆகவே பிராஞ்சை நகர்த்துவது என்றால் அந்தச் சங்கிலியைப் புது ரெப்போவுக்குக் கொண்டுவந்து, அதன் முனையில் ஒரு பெயரை வைப்பது. அவ்வளவுதான்.

படி 1: பழைய ரெப்போவை ரிமோட்டாகச் சேர்த்தல்

உங்கள் கணினியில் உள்ள புது ரெப்போவின் பிரதிக்குள், அதாவது குளோனுக்குள் போங்கள். 'கிட் ஸ்டேட்டஸ்' சுத்தமாக இருக்கட்டும். பிறகு:

கிட் ரிமோட் ஆட் பழசு பழைய-ரெப்போ-முகவரி
கிட் ரிமோட் செட்-யூஆர்எல் --புஷ் பழசு தடை

இரண்டாவது வரியைப் பெரும்பாலான விளக்கங்களில் பார்க்க முடியாது, ஆனால் நான் அதை விடுவதே இல்லை. புஷ் செய்யும் முகவரியாக 'தடை' என்ற பொருளற்ற சொல்லை வைத்துவிட்டோம். இனி பழைய ரெப்போவிலிருந்து எடுக்கலாம், அங்கே தவறிக்கூட எதையும் தள்ள முடியாது. 'கிட் ரிமோட் -வி' அடித்தால் இரண்டு முகவரிகளும் தெரியும்.

படி 2: ஃபெட்ச்

கிட் ஃபெட்ச் --நோ-டேக்ஸ் பழசு தேடல்

இங்கே 'புல்' வேண்டாம். புல் என்றால் எடுத்தவுடன் நீங்கள் நிற்கும் பிராஞ்சோடு இணைக்கவும் முயலும். ஃபெட்ச் எடுத்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும். '--நோ-டேக்ஸ்' போடாவிட்டால், வந்த கமிட்டுகளைச் சுட்டும் பழைய டேகுகளும் (வெளியீடுகளுக்கு வைக்கும் நிலையான பெயர்கள்) கூடவே வந்து சேரலாம். இரண்டு ரெப்போவிலும் வெளியீட்டு எண்கள் ஒரே மாதிரி இருந்தால் வீண் குழப்பம்.

அடுத்து, இரண்டு ரெப்போவுக்கும் பொது மூதாதை உண்டா என்று பாருங்கள் ('ஆரிஜின்' என்பது புது ரெப்போவின் ரிமோட் பெயர், 'மெயின்' முதன்மை பிராஞ்ச்):

கிட் மெர்ஜ்-பேஸ் ஆரிஜின்/மெயின் பழசு/தேடல்

நீளமான கமிட் எண் ஒன்று வந்தால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒன்றும் வராவிட்டால் தொடர்பில்லாத வரலாறுகள். விடையை நினைவில் வையுங்கள், படி 4-இல் தேவைப்படும்.

படி 3: பிராஞ்சை உருவாக்கித் தள்ளுதல்

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். எல்லோரும் சொல்லும் கட்டளை இது:

கிட் ஸ்விட்ச் -சி தேடல் பழசு/தேடல்

பிழை எதுவும் வராது, பிராஞ்சும் உருவாகும். ஆனால் கூடவே இன்னொன்றும் நடக்கிறது. ரிமோட் பிராஞ்சிலிருந்து தொடங்கியதால், புது பிராஞ்சின் மேலோடையாக, அதாவது வெறும் 'கிட் புஷ்' போய்ச் சேரும் இடமாக, 'பழசு/தேடல்' தானாகவே அமைந்துவிடும். பிறகு நீங்கள் வெறும் 'கிட் புஷ்' என்று அடித்தால் அது பழைய ரெப்போவுக்குப் போகப் பார்க்கும். படி 1-இன் தடை இருந்தால் பிழையோடு நின்றுவிடும். தடை வைக்காதவர்களுக்கோ திரையில் வெற்றிச் செய்தி வரும், புது ரெப்போவில் ஒன்றும் இருக்காது. சக பணியாளர் "எங்கே உன் பிராஞ்ச்?" என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அதனால் இப்படி அடியுங்கள்:

கிட் ஸ்விட்ச் -சி தேடல் --நோ-ட்ராக் பழசு/தேடல்
கிட் புஷ் -யூ ஆரிஜின் தேடல்

முதல் வரி மேலோடை இல்லாமல் பிராஞ்சை உருவாக்கும். இரண்டாவது வரி புது ரெப்போவுக்குத் தள்ளி, மேலோடையையும் அங்கேயே அமைக்கும். 'கிட் பிராஞ்ச் -விவி' அடித்தால் சதுர அடைப்புக்குள் 'ஆரிஜின்/தேடல்' என்று இருக்க வேண்டும். ('ஸ்விட்ச்' கட்டளை 2019-இல் வந்த கிட் 2.23-இலிருந்து உண்டு. பழைய பதிப்பென்றால் 'செக்அவுட் -பி'. முடிந்தால் கிட்டைப் புதுப்பித்துவிடுங்கள், செக்அவுட் ஒரே சொல்லில் பல வேலைகளைச் சுமக்கிறது.)

எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க:

கிட் ரெவ்-பார்ஸ் பழசு/தேடல் ஆரிஜின்/தேடல்

இரண்டு வரியிலும் ஒரே எண் வந்தால் ஒரு கமிட்கூட விடுபடவில்லை. அந்த எண் உள்ளடக்கம், ஆசிரியர், தேதி, முந்தைய கமிட் எல்லாவற்றிலிருந்தும் கணக்கிடப்படுவது. முனை ஒன்றாக இருந்தால் சங்கிலி முழுவதும் ஒன்றே.

பிராஞ்சைத் திறக்காமலேயே நேராகவும் தள்ளலாம். ஆனால் 'கிட் புஷ் ஆரிஜின் பழசு/தேடல்:தேடல்' என்று சுருக்கமாக அடித்தால், அங்கே அந்தப் பெயரில் பிராஞ்ச் இல்லாதபோது, சேருமிடம் முழுப்பெயராக இல்லை என்று கிட் மறுத்துவிடும். புறப்படும் இடம் ரிமோட் பிராஞ்ச் என்பதால், அங்கே பிராஞ்ச் வேண்டுமா டேக் வேண்டுமா என்று அதனால் ஊகிக்க முடிவதில்லை. முழுப்பெயரைக் கொடுங்கள்:

கிட் புஷ் ஆரிஜின் பழசு/தேடல்:ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/தேடல்

இணையத்தில் தேடினால் 'புஷ் --மிர்ரர்' என்றும் ஒரு யோசனை கிடைக்கும். அது முழு ரெப்போவையும் பிரதியெடுக்க. உங்களிடம் இல்லாத பிராஞ்சுகளைச் சேருமிடத்தில் அழித்துவிடும். மற்றவர்கள் வேலை செய்யும் ரெப்போவில் அதைத் தொடவே வேண்டாம்.

படி 4: வரலாறுகளுக்குத் தொடர்பே இல்லையென்றால்

அப்போதும் மேலே சொன்னபடி பிராஞ்ச் வந்து சேர்ந்துவிடும். மெயினோடு இணைக்கப் போகும்போதுதான், தொடர்பில்லாத வரலாறுகளை இணைக்க மாட்டேன் என்று கிட் நிற்கும். 2016-இல் வந்த கிட் 2.9-இலிருந்து இப்படித்தான். உடனே '--அலவ்-அன்ரிலேட்டட்-ஹிஸ்டரீஸ்' போடச் சொல்வார்கள். இரண்டு திட்டங்களை முழுமையாக ஒன்றாக்கும்போது மட்டுமே அது சரி. ஒரு பிராஞ்சின் மாற்றங்கள் மட்டும் வேண்டுமென்றால், கமிட்டுகளை வேறொரு முனையின் மேல் மறுபடி வைக்கும் ரீபேஸ்தான் என் தேர்வு:

கிட் ஃபெட்ச் --நோ-டேக்ஸ் பழசு மெயின்
கிட் ரீபேஸ் --ஆன்டு ஆரிஜின்/மெயின் பழசு/மெயின் தேடல்

பழைய மெயினில் இல்லாமல் தேடலில் மட்டும் இருக்கும் கமிட்டுகளை எடுத்து, புது மெயினின் மேல் ஒவ்வொன்றாக வை என்று பொருள். முரண்பாடு வந்தால் சரிசெய்து 'கிட் ஆட்', அப்புறம் 'கிட் ரீபேஸ் --கன்டினியூ'. ஒன்றிரண்டு கமிட்தான் என்றால், தேர்ந்தெடுத்த கமிட்டை மட்டும் நகலெடுக்கும் செர்ரி-பிக் போதும். எப்படிச் செய்தாலும் கமிட் எண்கள் மாறும், கையொப்பமிட்ட கமிட்டுகளின் பழைய கையொப்பம் போய்விடும். எழுதியவர் பெயரும் எழுதிய தேதியும் மட்டும் அப்படியே இருக்கும். முன்பே தேடலைப் புது ரெப்போவுக்குத் தள்ளியிருந்தால், மறுபடி தள்ளும்போது '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' தேவைப்படும்.

படி 5: ஒழுங்குபடுத்துதல்

கிட் ரிமோட் ரிமூவ் பழசு

இது உங்கள் குளோனில் உள்ள இணைப்பை மட்டுமே நீக்கும், பழைய ரெப்போவுக்கு ஒன்றும் ஆகாது. அங்கே இருக்கும் பிராஞ்சை உடனே அழிக்காதீர்கள். குழுவில் எல்லோரும் புது இடத்துக்கு மாறிய பிறகு அழிக்கலாம்.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றியவர்கள் முட்டிக்கொண்ட இடங்கள்

'ஷாலோ அப்டேட்' அனுமதியில்லை என்று புஷ் மறுத்தால், எங்கோ '--டெப்த்' போட்டு மேலோட்டமாக எடுத்திருக்கிறீர்கள். 'கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ பழசு' அடித்து முழு வரலாற்றையும் எடுத்துவிட்டுத் தள்ளுங்கள்.

பெரிய கோப்புகளுக்கு எல்எஃப்எஸ் (கோப்பை வெளியே வைத்து, ரெப்போவில் சுட்டியை மட்டும் வைக்கும் கிட் நீட்சி) பயன்படுத்தும் ரெப்போ என்றால் வெறும் சுட்டிகள்தான் நகரும். பிராஞ்சைத் தள்ளுவதற்கு முன்பே 'கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச் --ஆல் பழசு', அப்புறம் 'கிட் எல்எஃப்எஸ் புஷ் --ஆல் ஆரிஜின் தேடல்' இரண்டையும் செய்துவிடுங்கள். எல்எஃப்எஸ் இல்லாமல் பெரிய கோப்பு ஏதாவது வரலாற்றில் புதைந்திருந்தால், 100 எம்பி தாண்டிய எதையும் கிட்ஹப் ஏற்காது.

மூடிய ரெப்போவிலிருந்து பொது ரெப்போவுக்குப் போகிறீர்களா? ஒரு காலத்தில் கமிட் செய்து பிறகு நீக்கிய கடவுச்சொல்லும் வரலாற்றோடு சேர்ந்து போகும். தள்ளுவதற்கு முன் 'கிட் லாக் -பி' ஓட்டித் தேடுங்கள். இருந்தால், வரலாற்றைத் திருத்தி எழுதும் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி கொண்டு நீக்குங்கள், கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டர்-பிராஞ்ச் வேண்டாம். அதைத் தவிர்க்கும்படி கிட்டின் ஆவணமே சொல்கிறது.

புல் ரிக்வெஸ்டில் (கிட்ஹப் போன்ற தளத்தில் மாற்றத்தை இணைக்கக் கேட்கும் வேண்டுகோள்) நடந்த உரையாடல்கள் இந்த வழியில் வராது. அவை கிட்டுக்குள் இல்லை, தளத்தின் தரவுத்தளத்தில் இருப்பவை. முக்கியமான முடிவுகளைக் கமிட் செய்தியிலோ ஓர் ஆவணத்திலோ எழுதி வைத்துவிட்டு நகருங்கள்.

இரண்டு ரெப்போவையும் ஒரே கணினியிலிருந்து தொட முடியாத நிலை என்றால் பண்டில் இருக்கிறது. பழைய பக்கத்தில் 'கிட் பண்டில் கிரியேட் தேடல்.பண்டில் தேடல்' அடித்தால் வரலாறு முழுவதும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். அதைப் பென் டிரைவில் கொண்டுவந்து, புது பக்கத்தில் 'கிட் ஃபெட்ச் தேடல்.பண்டில் தேடல்:தேடல்' என்று எடுத்து, வழக்கம்போல ஆரிஜினுக்குத் தள்ளுங்கள்.