பாயிண்டில் சாய்ந்த சரக்கு வேகன்கள்

எச்ஓ என்ற மாடல் ரயில் அளவில் செய்த பழைய சரக்கு வேகன்கள் ஆறு கைக்கு வந்தன. எல்லாம் அமெரிக்க 40 அடி பாக்ஸ்கார்கள், அதாவது மூடிய பெட்டி வேகன்கள். எச்ஓவின் 1:87 அளவில் சுமார் ஐந்தரை அங்குல நீளம். நேர்ப்பாதையில் அழகாக ஓடும். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயிண்ட் வந்தால் போதும், நடுவில் ஒன்று தடம் புரண்டு பக்கத்து வேகனையும் சாய்த்துவிடும்.

முதலில் தண்டவாளத்தைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஒரு வேகனைத் திருப்பிப் பார்த்தால், பிளாஸ்டிக் சக்கரம் முழுக்கக் கறுப்பாக அழுக்கு அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. துடைத்தாலும் மறுபடி சேரும் என்பதால் உலோகச் சக்கரங்களையே மாட்டிவிட்டேன்.

அடுத்தது எடை. தராசில் வைத்தால் 70 கிராம்தான். ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ் என்பது அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கம் எச்ஓ வேகன்களுக்குப் பரிந்துரைக்கும் கணக்கு. அதன்படி 106 கிராம் வேண்டும். உள்ளே தரையோடு ஈயத் துண்டுகளை ஒட்டினேன். காந்தம் வைத்து வேகன்களின் இணைப்பைக் கழற்றுபவர்கள் எடைக்கு இரும்பு வைக்க வேண்டாம். காந்தம் வேகனையே இழுக்கும்.

உண்மையில் கைகொடுத்தது, வேகனுக்கு அடியில் முன்னும் பின்னும் சக்கரங்களைத் தாங்கும் போகிகளின் திருகுதான். இரண்டையும் இறுக்கினால் வேகன் மேடு பள்ளத்துக்கு வளையாது. ஒரு போகியைப் பக்கவாட்டில் திரும்ப மட்டும் விட்டேன். மற்றதன் திருகை அரைச் சுற்று தளர்த்தி எல்லாப் பக்கமும் லேசாக ஆட விட்டேன். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்குமே, அதே கணக்கு.

இப்போது ஆறும் பின்னோக்கித் தள்ளினாலும் பாயிண்டைத் தாண்டிப் போகின்றன.