பழைய பவர் ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டை நியாயமாக ஒப்பிடுவது எப்படி

பழைய பவர் ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டை அருகருகே வைத்து எது மேலானது என்று தீர்மானிக்க முனைபவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே பாட்டைப் போட்டுக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒப்பீடு கெட்டுப்போவது அந்த இடத்தில்தான். டைனாக்கோ ஸ்டீரியோ 70 வெளிவந்தது 1959-இல். மெக்கின்டாஷ் எம்சி 275 வந்தது 1961-இல். குவாட் 405 வந்தது 1975-இல். இவற்றில் எந்த ஒன்றும் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த நிலையில் இன்று நம் கைக்கு வருவதில்லை. ஸ்டீரியோ 70 பெருமளவில் கிட்டாக விற்கப்பட்டு, வாங்கியவரே வீட்டில் பற்றவைத்துப் பொருத்திக்கொண்ட ஆம்ப்ளிஃபையர் என்பதால், அதன் ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொருவரின் கைவேலை இருக்கிறது. ஆகவே பழுது பார்க்காத இரண்டு பழைய ஆம்ப்ளிஃபையர்களைக் கேட்கும்போது நாம் ஒப்பிடுவது இரண்டு வடிவமைப்புகளை அல்ல, இரண்டு முதுமைகளை.

அதனால் முதல் வேலை உடல்நிலைச் சோதனை. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த ஆம்ப்ளிஃபையரை நேராக மின்சாரத்தில் செருகக் கூடாது. மெக்கானிக்குகள் சீரிஸ் பல்ப் என்று சொல்வதைப் போல, 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து இயக்க வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் ஏதுமில்லை என்று கொள்ளலாம். முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு வகைகளும் கிளாஸ் ஏ வகைகளும் சும்மா இருக்கும்போதே நிறைய மின்சாரம் இழுப்பவை என்பதால், அவற்றில் பல்பு ஓரளவு எரிந்துகொண்டிருப்பது இயல்பே. மின்வழங்கிப் பகுதியில் உள்ள பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் உள்ளே இருக்கும் திரவம் உலர்ந்து கொள்திறனை இழப்பவை. ஹம் இரைச்சலும் தளர்ந்த பேஸும் பல நேரங்களில் அங்கிருந்துதான் வருகின்றன. ஒரு ஆம்ப்ளிஃபையரில் அவை மாற்றப்பட்டு, மற்றொன்றில் மாற்றப்படாமல் இருந்தால், அதிலும் மாற்றும்வரை ஒப்பீட்டைத் தள்ளிவைப்பதே நேர்மை.

நேரடி இணைப்பு கொண்ட டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களில், உள்ளீடு எதுவும் இல்லாதபோது ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட்டேஜை அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. சில நூறு மில்லிவோல்ட் வந்தால் உங்கள் ஸ்பீக்கரை அதனோடு இணைக்கவே கூடாது. வெளியீட்டில் கெபாசிட்டர் உள்ள குவாட் 303 போன்றவற்றிலும், டிரான்ஸ்பார்மர் உள்ள வால்வு வகைகளிலும் இந்த அளவு எதையும் காட்டாது. வால்வு வகைகளில் பார்க்க வேண்டியது பயஸ், அதாவது ஒலி இல்லாதபோதும் வால்வு வழியே ஓடும் மின்னோட்டத்தின் அளவு. ஸ்டீரியோ 70-இல் ஒவ்வொரு சேனலிலும் இரண்டு ஈஎல்34 வால்வுகளின் மின்னோட்டம் 15.6 ஓம் மின்தடை வழியாகச் செல்கிறது, அதில் 1.56 வோல்ட் காட்டினால் இரண்டும் சேர்ந்து 100 மில்லிஆம்பியர் எடுக்கின்றன என்று பொருள். வால்வு ஆம்ப்ளிஃபையரின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கலாம் என்பதையும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

நம் நாட்டில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபையருக்கு 230 வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைப்பது மட்டும் போதாது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே வடிவமைக்கப்பட்டது நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். ஆகவே பின்பக்கத் தகட்டில் 50/60 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தாளில் உள்ள எண்கள். 1974-க்கு முந்தைய அமெரிக்க விளம்பரங்களில் காணப்படும் வாட் கணக்கை அப்படியே நம்ப முடியாது. உச்ச வாட், இசை வாட் என்று பலவிதமாக எழுதிவந்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் கொண்டுவந்த விதி, அறிவித்த திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே அளக்க வேண்டும் என்றும், அலைவரிசையையும் சிதைவு அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. ஆனால் சரியாக அளந்த வாட்டுகள்கூட, காது கேட்பதை நாம் நினைக்கும் அளவுக்குச் சொல்வதில்லை. ஸ்டீரியோ 70 தருவது சேனலுக்கு 35 வாட். அமெரிக்க வடிவமைப்பாளர் பாப் கார்வர் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஃபேஸ் லீனியர் 700 தருவது 350 வாட். பத்து மடங்கு என்பது 10 டெசிபெல்; காதுக்கு அது ஏறத்தாழ இரட்டிப்பு உரப்பு மட்டுமே. வாட்டை விட, ஸ்பீக்கரின் ஓம் குறையும்போது ஆம்ப்ளிஃபையர் எப்படி நடந்துகொள்கிறது என்பது பயனுள்ள கேள்வி. 1977-இல் வந்த மார்க் லெவின்சன் எம்எல்-2 எட்டு ஓமில் 25 வாட் மட்டுமே தரும். ஆனால் நான்கு ஓமில் 50, இரண்டு ஓமில் 100 என்று சரியாக இரட்டித்துக்கொண்டே போகும். மெக்கின்டாஷ் வேறு வழியில் போனது: வெளியீட்டு டிரான்ஸ்பார்மரில் 4, 8, 16 ஓம் முனைகளைத் தனித்தனியாகக் கொடுத்து, ஸ்பீக்கரை அதற்குரிய முனையில் இணைத்தால் எந்த ஓமிலும் அதே திறன் கிடைக்கச் செய்தது. எம்சி 275-ஐ ஒப்பிடும்போது நான்கு ஓம் ஸ்பீக்கரை எட்டு ஓம் முனையில் மாட்டினால், குறை ஆம்ப்ளிஃபையருடையது அல்ல, இணைத்தவருடையது.

இனி ஒப்பீட்டின் உயிரான வேலைக்கு வருவோம்: இரண்டின் ஒலி அளவையும் சமமாக்குவது. குவாட் 405 தன் முழுத் திறனான 100 வாட்டைத் தர அரை வோல்ட் உள்ளீடே போதும். ஸ்டீரியோ 70 தன் 35 வாட்டைத் தர 1.3 வோல்ட் வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், முன்னால் நின்று ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் பிரீஆம்பின் வால்யூம் அதே இடத்தில் இருக்கும்போது குவாட் ஏறக்குறைய 13 டெசிபெல் உரக்கப் பாடும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை யாரும் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்; ஆபத்து சிறிய வேறுபாட்டில்தான் இருக்கிறது. அரை டெசிபெல் கூடுதலாக இருப்பதைக் காது உரப்பு என்று உணராது. தெளிவு, உயிர்ப்பு, ஆழம் என்றே உணரும். நான் ஒரு மாலை முழுவதும் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரின் குரல் இனிமையைக் குறிப்பெழுதி வைத்துவிட்டு, மறுநாள் அளந்தபோது அது முக்கால் டெசிபெல் உரக்க ஒலித்திருப்பதைக் கண்டேன். சமப்படுத்திய பிறகு அந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் நிற்கவில்லை. அன்றிலிருந்து மல்டிமீட்டர் இல்லாமல் நான் எதையும் ஒப்பிடுவதில்லை.

செய்யும் முறை எளிது. 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் முனைகளில் ஏசி வோல்ட்டேஜை அளக்க வேண்டும். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது தவறாகக் காட்டக்கூடும் என்பதாலேயே 400. முதல் ஆம்ப்ளிஃபையரை 2.83 வோல்ட்டுக்கு வைத்துக்கொண்டால் அது எட்டு ஓமில் ஒரு வாட். இரண்டாவதையும் அதே எண்ணுக்கு ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒரு சதவீதம் என்பது 0.1 டெசிபெல்லுக்கும் சற்றுக் குறைவு. வால்யூம் குமிழை ஒவ்வொரு முறையும் திருப்பி இதைச் சாதிக்க முடியாது. அதிக உணர்திறன் உள்ள ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் உள்ளே வரும் வோல்ட்டேஜைக் குறைக்கும், மின்தடைகளால் ஆன அட்டென்யுவேட்டர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிடுவதே சரியான வழி. இரண்டு சேனல்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் பழைய ஆம்ப்ளிஃபையர்களில் இடமும் வலமும் ஒன்றாக இருப்பது அரிது.

இவ்வளவு செய்தும் மற்ற அலைவரிசைகளில் அவை சமமாகாமல் போகலாம். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ், அதாவது ஏசி மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, எல்லா அலைவரிசையிலும் எட்டு ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 4 ஓமாக இறங்கி, மற்றோரிடத்தில் 20 ஓமாக ஏறும். எட்டு ஓமை ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பிடன்ஸால் வகுத்தால் வருவது டாம்பிங் ஃபாக்டர்; அது 10 என்றால் வெளியீட்டு இம்பிடன்ஸ் 0.8 ஓம். 4 ஓம் உள்ள இடத்தில் அது ஏறக்குறைய 1.6 டெசிபெல்லையும், 20 ஓம் உள்ள இடத்தில் 0.3 டெசிபெல்லையும் விழுங்கிவிடும். அதாவது ஸ்பீக்கரின் ஒலிச்சமநிலையையே 1.2 டெசிபெல்லுக்கு மேல் மாற்றிவிடும். டாம்பிங் ஃபாக்டர் 200 உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் இதே வேறுபாடு 0.1 டெசிபெல்லைக்கூட எட்டாது. வால்வின் வெதுவெதுப்பு என்று பலர் விரும்பிக் கேட்பதில் கணிசமான பங்கு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அது மாயை அல்ல, உண்மையாகவே காதில் விழும் மாற்றம். ஆனால் ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. ஸ்பீக்கரை மாற்றினால் அதுவும் மாறும். எனவே குறிப்பெழுதும்போது எந்த ஸ்பீக்கரில் கேட்டீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

கேட்பவருக்கு எது ஓடுகிறது என்று தெரியக் கூடாது. தெரியாமலேயே மாற்றிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் செய்த மூன்று தலைமுறை ஆம்ப்ளிஃபையர்களை, அதாவது 1953-இன் வால்வு வகையான குவாட் டூ, 1967-இன் 303, 1975-இன் 405 ஆகியவற்றை, 1978-இல் இப்படி மறைத்து ஒப்பிட்டபோது கேட்டவர்களின் விடைகள் குருட்டாம்போக்கைத் தாண்டவில்லை. இதனால் எல்லா ஆம்ப்ளிஃபையர்களும் ஒன்று என்று ஆகிவிடாது. நல்ல நிலையில், திறனுக்குள், பொருத்தமான ஸ்பீக்கரில் ஓடும்போது வேறுபாடு எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதற்கு அது நல்ல சான்று. வீட்டில் 16 முறை மாற்றிக் கேட்டு 12 முறை சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நிகழ நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. மாற்றும்போது வால்வு ஆம்ப்ளிஃபையரை ஒரு கணம்கூடச் சுமையின்றி ஓடவிடாதீர்கள். ஸ்விட்ச் பெட்டியில் ஸ்பீக்கர் விலகியதும் எட்டு ஓம் மின்தடை அதன் இடத்தைப் பிடிக்குமாறு அமைக்க வேண்டும். இல்லையேல் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் பாழாகக்கூடும்.

மறைத்துக் கேட்டும் இரண்டும் பிரித்தறிய முடியாதவையாக இருந்தால், முடிவை உதிரிபாகங்களின் பக்கம் நகர்த்துங்கள். ஈஎல்34, கேடி88 வால்வுகள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. அந்தக் காலத்து வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் நின்றுபோயின, மாற்று வகையைத் தேர்ந்து பொருத்தத் தெரிந்தவர் தேவை. கெபாசிட்டரை எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடலாம். எம்சி 275-இன் வெளியீட்டு டிரான்ஸ்பார்மரோ மெக்கின்டாஷின் தனி முறையில் சுற்றப்பட்டது. அதன் சுருள் ஒன்று அறுந்திருந்தால் பேசிய விலையை மறந்துவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். காசு கொடுப்பதற்கு முன் நான்கு, எட்டு, பதினாறு ஓம் முனைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு சேனல்களும் ஒரே அளவு வோல்ட் தருகின்றனவா என்று அளந்து பார்த்துவிடுங்கள்.