ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: அந்த 100 எம்பியைத் தொடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அக்காள் மகனின் பழைய மடிக்கணினியோ விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் அக்காளிடம் "புதிது வாங்கிக் கொடு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய எஸ்.பி.எம் தேர்வுப் பாடங்கள் இருக்கும் விண்டோஸை அப்படியே வைத்துவிட்டு, இணையத்துக்கென்று பக்கத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தேன்.

கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நிறுவுவதற்கான பென்டிரைவைத் தயாரிக்க நான் வென்டாய் என்ற கருவியைத்தான் பரிந்துரைப்பேன். மின்ட், விண்டோஸ் நிறுவி இரண்டையும் ஒன்றிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஏன் வேண்டும் என்பது கீழே தெரியும்.

முதலில் விண்டோஸுக்குள் இரண்டு வேலைகள். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் பிறகு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அடுத்து, பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது. லினக்ஸிலிருந்து அதன் பகுதியில் எழுதவும் முடியாது.

பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி பகுதியைச் சுருக்குங்கள். அங்கே கணக்கு எம்பியில்; 60 ஜிபி வேண்டுமானால் 61440 என்று கொடுங்கள். லினக்ஸில் வட்டைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் நல்ல கருவிதான், ஆனாலும் விண்டோஸ் பகுதியை விண்டோஸே சுருக்கட்டும். மின்னேற்றி செருகியிருக்கட்டும், பேட்டரியும் நிறைந்திருக்கட்டும். எங்கள் பக்கம் மாலையில் இடி இறங்கினால் மின்சாரம் போய்விடும்; அதனால் நான் காலையில்தான் இதைச் செய்வேன். காலியான இடத்தை ஒன்றும் செய்யாமல் அப்படியே விடுங்கள்.

இனி மின்ட் நிறுவி. "சம்திங் எல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பகுதிகள் வரிசையாக வரும். அதில் ஃபேட்32 வகையில், பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஒன்று இருக்கும். அதுதான் இஎஃப்ஐ பகுதி. இவ்வளவு சிறியது எதற்கு என்று நான் அதை அழித்துவிட்டு, காலி இடத்தில் 512 எம்பிக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கினேன். மின்ட் அழகாக எழுந்தது. விண்டோஸ் மட்டும் தொடக்கப் பட்டியலில் இல்லை. பையன் முகம் வாடிவிட்டது.

கோப்புகள் எதுவும் போகவில்லை. விண்டோஸைத் தொடக்கிவைக்கும் பூட் மேனேஜர் அந்தச் சிறு பகுதியில்தான் குடியிருந்தது. எதில் எழுவது என்று பட்டியல் காட்டும் லினக்ஸின் கிரப்பும் அதே இடத்தில்தான் வந்து அமரும். ஒரே வாசலில் இரண்டு வீட்டுச் சாவிகள். ஆகவே பழைய இஎஃப்ஐ பகுதியையே பயன்படுத்துங்கள். அழிக்கவும் வேண்டாம், ஃபார்மட் செய்யவும் வேண்டாம். காலி இடத்தில் எக்ஸ்ட்4 வகையில் ஒரு பகுதி, அதன் மவுன்ட் பாயின்ட் சாய்கோடு. அது மட்டும் போதும்.

ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கு: பென்டிரைவிலுள்ள விண்டோஸ் நிறுவியில் எழுந்து, முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 அழுத்துங்கள். கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் வால்யூம். ஃபேட்32 பகுதியைத் தேர்ந்தெடுத்து அதற்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். நான் ஒரு மணி நேரம் தவித்தது இதற்குப் பின்தான். வழக்கம்போல் சி என்று நினைத்துக் கட்டளை கொடுத்தேன், பிழைதான் வந்தது. அந்தத் திரையில் பகுதிகளின் எழுத்துகள் மாறியிருக்கலாம். எங்களுக்கு விண்டோஸ் இருந்த பகுதி டி ஆகியிருந்தது. பட்டியலில் அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு "பிசிடிபூட் டி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ".

இப்போது கணினி நேராக விண்டோஸுக்குப் போகலாம். பயாஸில் பூட் வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றுங்கள். அங்கே மின்ட் என்று தேடாதீர்கள், உபுண்டு என்றுதான் இருக்கும். மின்டுக்குள் வந்து "சுடோ அப்டேட்-கிரப்" கொடுத்தால் விண்டோஸும் பட்டியலில் சேர்ந்துவிடும்.

பிற்சேர்க்கை: விண்டோஸில் கடிகாரம் தவறுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். காலை பத்து மணிக்கு விடியற்காலை இரண்டு என்று காட்டுகிறதாம். லினக்ஸ் கணினியின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். மலேசிய நேரம் எட்டு மணி முன்னே இருப்பதால் அந்த எட்டு மணி குறைகிறது. மின்டில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்று கொடுத்துவிட்டு, விண்டோஸில் ஒருமுறை நேரத்தைத் திருத்திவிடுங்கள்.