முருகன் வீட்டில் ஒரு கமிதானா

ஜப்பானியரின் மரபு வழிபாடான ஷின்டோவை வீட்டு வழிபாட்டோடு சேர்த்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: எல்லாச் சாமியையும் ஒரே மாடத்தில் வைத்து மொத்தமாகக் கற்பூரம் காட்டாதீர்கள். ஜப்பானிலேயே ஷின்டோ மாடமும் புத்த மாடமும் இருக்கும் வீடுகள் நிறைய. ஆனால் இரண்டுக்கும் தனித்தனி இடம், எதிரெதிரே வைப்பதில்லை. பெங்களூரு அல்சூரில் எங்கள் ஃப்ளாட்டிலும் அப்படித்தான். முருகனும் அம்மனும் பூஜை அலமாரியில். கூடத்துச் சுவரில், கண் மட்டத்துக்கு மேலே, கமிதானா.

கமிதானா என்பது ஒரு மரப்பலகை மாடம். ஷின்டோ கோயிலில் தரும் ஒஃபுதாவை அதில் நிறுத்துவார்கள். தெய்வத்தின் பெயரோ கோயிலின் பெயரோ எழுதிய தாள் அல்லது மரச்சீட்டு அது. என்னுடையது நகோயாவின் அத்சுதா கோயிலில் பெற்றது. வேலைக்காக அங்கே இருந்தபோது அடிக்கடி போவேன். மாடம் கிழக்கு அல்லது தெற்கு பார்த்திருப்பது மரபு. கிழக்கு நமக்கும் உகந்ததுதானே. ஒஃபுதாவின் மடிப்பைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. சந்தனம், குங்குமம் வைக்கக் கை போகும், வேண்டாம்.

மேல் மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால், மாடத்துக்கு நேர் மேலே கூரையில் மேகத்துக்கான எழுத்தை எழுதி ஒட்டுவார்கள். அங்கிருந்து மேலே வானம்தான் என்று பாவனை. நான் தமிழிலேயே 'மேகம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காலையில் குளித்து, வாய் கொப்பளித்துவிட்டு, நடுவில் அரிசி, நாம் பார்க்க இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் உப்பு வையுங்கள். அங்கே சகாகி என்ற மரத்தின் பசுங்கிளையை வைப்பார்கள். அது கிடைக்காத ஊருக்கு என்றும் இலை உதிராத வேறு மரம் போதும் என்பது என் எண்ணம். எனக்கு மாங்கொத்து. பிறகு இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனிந்து வணங்க வேண்டும். இசுமோ கோயில் முறையில் நான்கு தட்டல். வேண்டுதலைத் தமிழில் சொல்லுங்கள், முதலில் நன்றி, அப்புறம் கோரிக்கை. படைத்த அரிசியை அன்றைய சோற்றோடு சேர்த்து உலையில் போட்டுவிடுவேன். அதுவும் பிரசாதம்தான். அதன்பின் பூஜை அலமாரிக்குப் போய் விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொள்வேன்.

இப்படிச் சேர்ப்பது புதிதல்ல. நம் சரஸ்வதி பௌத்தத்தோடு ஜப்பான் போய் பென்சைதென் ஆனாள். எனோஷிமா தீவில் இன்றும் வணங்குகிறார்கள். 1868-இல் மெய்ஜி அரசு பிரிக்க உத்தரவிடும்வரை, பல ஊர்களில் ஷின்டோ தெய்வமும் புத்தரும் ஒரே வளாகத்தில்தான் இருந்தார்கள். அதனால் சரஸ்வதி பூஜையன்று கமிதானாவுக்கும் கொஞ்சம் சுண்டல் வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வீட்டில் துக்கம் நேர்ந்தால் கமிதானாவை வெள்ளைத் தாளால் மூடுவார்கள், பெரும்பாலும் 50 நாள். நம் தீட்டுக் கணக்கு அதற்கு முன்பே முடிந்துவிடும். இரண்டையும் அதனதன் கணக்கில் விடுங்கள்.

யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். என் அண்ணி விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழன்தோறும் போகிறவர். கமிதானா முன் கைதட்ட மாட்டார். அது அவருடைய விசுவாசம், அதையும் மதிக்கத்தான் வேண்டும்.

ஒஃபுதாவை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். பழையதைக் குப்பையில் போடாதீர்கள். ஜப்பான் போகிற தெரிந்தவர் கையில் கொடுத்து, வாங்கிய கோயிலிலேயே திருப்பிச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்கும்வரை அது மாடத்திலேயே இருக்கட்டும்.