நான்காவது ஆளுக்கு இடம்

மும்பையில் முலுண்டிலிருந்து சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) நிலையத்துக்கு தினமும் லோக்கல் ரயில். மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளும் ஒட்டி உட்காருவது மும்பை வழக்கம். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நகராமல் இருப்பேன்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி எதையாவது ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே 'எனக்கும் இன்னைக்கு...' என்று பிடுங்கிக்கொள்வேன். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை, பழகிப்போயிருந்தது. அதுதான் சுட்டது. அத்தைக்கு மூட்டுவலி என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். என் காதில் ஏறவேயில்லை. அன்று இரவே அத்தைக்குப் போன் செய்து பேசினேன்.

அப்புறம் ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எதிராளி சொன்னதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்காமல் என் கதையைத் தொடக்கூடாது. முதல் மாதம் வாய் பரபரத்தது. முதல் கேள்வியை மரியாதைக்குக்கூடக் கேட்டுவிடலாம்; இரண்டாவது வர, பதிலை நிஜமாகவே கவனித்திருக்க வேண்டும். அன்று இரவே அத்தைக்குப் போன் செய்து பேசினேன்.

ரயிலிலும் இப்போது யாரும் கேட்கும் முன்பே நகர்கிறேன். நேற்று சாயந்திரம் தாதரில் ஏறிய பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, காட்கோபர் வரை முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டே வந்தார். படி ஏறும்போதா, இறங்கும்போதா என்று கேட்டேன். இறங்கும்போதுதானாம்.