பிணப்புழு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முயல் உடல் வைத்து ஆய்வு தொடங்கிய ஒரு மாணவரின் குப்பிகளில் இந்த ஆண்டும் புழுக்கள் கறுத்துப்போய் வந்து சேர்ந்திருக்கின்றன. பிணத்தில் வளரும் பூச்சிகளை வைத்து இறந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணிக்கும் தடயவியல் பூச்சியியலுக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை இது. முன்னால் வந்தவர்களும் இதையேதான் செய்தோம். கையுறை போடுவது, நாயும் உடும்பும் இழுக்காமல் கம்பிக்கூண்டு வைப்பது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடலாம்.

உயிருள்ள புழுவை நேராக எத்தனாலில் போடுவது

பல மாத உழைப்பைப் பாழாக்குவது இந்த ஒன்றுதான். புழுவின் நீளத்தை வைத்தே அதன் வயதைக் கணக்கிடுகிறோம். உயிரோடு எத்தனாலில் விழும் புழு துடித்துச் சுருங்குகிறது. குடலிலுள்ள நுண்ணுயிர்களும் நொதிகளும் உடனே அடங்குவதில்லை. உள்ளேயே திசு கெட்டு உடல் கறுத்துவிடும். சுருங்கிய புழு வயதில் இளையதாகத் தெரியும். நம் ஊர் வெக்கையில் ஈப்புழு வளரும் வேகத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் குறைந்தாலே கணக்கில் பல மணி நேரம் தொலைந்துபோகும். வழக்கு என்று வந்தால், சந்தேகிக்கப்படுபவர் அப்போது ஊரில் இருந்தாரா இல்லையா என்ற கேள்வி அந்தச் சில மணி நேரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

சரியான முறைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காலையில் ஒட்டுக்கடையில் கொதிநீர் வாங்கிப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். களத்துக்குப் போனதும் வெப்பமானி வைத்துப் பாருங்கள்; 80 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். புழுக்களைத் தேநீர் வடிகட்டியில் அள்ளி 30 விநாடி முக்கி எடுங்கள். உடல் நீண்டு, வெளுத்து, விறைத்து நிற்கும். பிறகு 80 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். குப்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புழு இருக்கக் கூடாது. புழுவின் உடல்நீர் எத்தனாலை நீர்க்கச் செய்யும். ஆகவே மறுநாள் புதிதாக மாற்றுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். திசு இறுகிவிடும், மரபணுச் சோதனைக்கும் உதவாமல் போகும்.

இந்தத் துறையில் ஓர் ஆய்வாளரின் உழைப்பை மற்றவர்கள் எடுத்தாள்வதற்குக் காரணம் பெரும்பாலும் எந்த வயதில் புழு எவ்வளவு நீளம் என்று அவர் தந்த வளர்ச்சி அட்டவணைதான். புழுவைக் கொன்ற முறை, நீரின் வெப்பம், எத்தனாலின் விழுக்காடு ஆகியவை இல்லாத அட்டவணையை இன்னொரு நாட்டு ஆய்வாளர் தன் அளவுகளோடு ஒப்பிட முடியாது. ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போவார். ஒரு வரி விடுபட்டதால் ஒரு முழு ஆய்வே பயனற்றுக் கிடப்பதைப் பார்க்க மனம் கொதிக்கிறது.

நீளத்தைச் சரியாக அளந்துவிட்டால் மட்டும் போதாது. தின்று முடித்து அலையத் தொடங்கும் புழு இயல்பாகவே குறுகும். ஆகவே ஒரே நீளம் வளரும்போதும் வரும், குறுகும்போதும் வரும். முன்பக்கத்தில் உணவுப்பை கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் புழு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. பின்பக்க மூச்சுத்துளையில் இரண்டு பிளவு என்றால் இரண்டாம் பருவம் (தோலுரித்து வளரும் கட்டம்), மூன்று என்றால் மூன்றாம் பருவம். நீளத்தோடு இவற்றையும் குறித்து வையுங்கள்.

உடலில் மட்டும் தேடுவது

மூத்த புழு உடலைவிட்டு எப்போதோ கிளம்பியிருக்கும். சுற்றிச் சில மீட்டர் வரை, வெட்டி அடுக்கிய செம்பனை மட்டைக்கு அடியிலும் மேல்மண்ணிலும் புழு ஈயாக மாறும் கூடுகளைத் தேடுங்கள். ஈ வெளியேறிய வெறுங்கூடு ஒன்று கிடைத்தால் உங்கள் கணக்கு முழுக்க மாறிவிடும்.

எல்லாவற்றையும் கொன்றுவிடுவது

பாதியை உயிரோடு வளர்த்து ஈயாக்குங்கள். இனத்தை உறுதியாகச் சொல்ல அதுவே நல்ல வழி. புழு ஒன்றுக்கு ஒரு கிராம் ஈரலாவது கொடுங்கள். பட்டினி கிடந்த புழு சீக்கிரமே கூடாகி, ஈயும் சிறுத்துப்போகும். உடலெங்கும் சதைமுள் உள்ள கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் என்ற ஈயினப் புழுவை, இன்னோர் ஈயினமான கிரைசோமியா மெகாசெஃபலாவின் புழுவோடு ஒரே டப்பாவில் போட்டால் மற்றதைத் தின்றுவிடும். சதைமுள்ளைப் பார்த்ததும் ரூஃபிஃபேசிஸ் என்று எழுதிவிடவும் வேண்டாம்; அதேபோல் சதைமுள் உள்ள கிரைசோமியா வில்லெனுவியும் மலேசியாவில் உண்டு.

நகரத்து வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்வது

செம்பனை நிழலில் இருக்கும் வெப்பம் வேறு, ஈப்போ வானிலை நிலையம் பதியும் வெப்பம் வேறு. பதிவுக் கருவியை நிழலில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே கட்டி, ஐந்து நாளாவது மணிக்கொரு முறை பதியவிடுங்கள். அதே நாள்களின் நிலைய அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு கழிப்பது என்பது தெரிந்துவிடும். புழுத்திரளுக்குள் வெப்பம் வெளியைவிட 10 டிகிரிக்கு மேலும் ஏறும். அதைத் தனியாக அளந்து எழுதுங்கள்.

பூச்சிமருந்து தெளிக்கும் நாள்

தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பேனாவால் எழுதிய சீட்டு

எத்தனாலில் மை கரையும். பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள்.

1894 பட்டியலை இங்கே பொருத்துவது

பிணத்தைத் தேடிப் பூச்சிகள் எட்டு அலையாக வரும் என்று பிரான்சில் மெக்னின் என்ற ஆய்வாளர் எழுதியது அந்த நாட்டுக் குளிருக்குப் பொருந்தும். இங்கே இரண்டு வாரத்துக்குள் எலும்பு தெரியலாம். அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். நீங்கள் பார்த்த வரிசையையே எழுதுங்கள்.

‘இறந்த நேரம்’ என்று எழுதுவது

ஈ முட்டையிட்ட பிறகான காலத்தை மட்டுமே புழு சொல்லும். இரவில் ஈ பெரும்பாலும் முட்டையிடாது; கொட்டும் மழையிலும் வராது. பேராக்கில் பிற்பகல் மழை சாதாரணம். மாலையில் இறந்த உடலுக்கு மறுநாள் வெயில் வந்த பிறகே முதல் முட்டை விழலாம். அறிக்கையில் ‘குறைந்தது இத்தனை மணி நேரம்’ என்று எழுதி, பக்கத்திலேயே மழை பெய்த நேரத்தையும் சேருங்கள்.