அன்பார் பழங்குடிகளிடம் அமெரிக்கப் படை செய்த தவறுகள்

அரபுப் பழங்குடிகளோடு உறவு வைக்க நினைக்கும் எந்த அந்நியப் படையும் முதலில் படிக்க வேண்டியது, 2003-இல் அமெரிக்கா படையெடுத்த பிறகு ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் நடந்ததைத்தான்.

முகாம் வாசலில் வந்து "நான்தான் ஷேக்" (குலத் தலைவர்) என்று சொன்னவர்களை அமெரிக்கர்கள் எளிதில் நம்பினார்கள். 1990களில் சதாம் உசேன் தனக்கு வேண்டியவர்களை ஷேக்குகளாக வளர்த்துவிட்டிருந்தார். போருக்குப் பின் பழைய ஷேக் குடும்பத்தினர் பலர் ஜோர்டானுக்குப் போய்விட்டார்கள். ஊரில் சண்டை வந்தால் மக்கள் யார் வீட்டுக் கூடத்துக்குப் போகிறார்கள் என்று பார்த்திருந்தாலே உண்மையான ஷேக்கை அடையாளம் கண்டிருக்கலாம்.

உண்மையான ஷேக்கும் படைத்தளபதி அல்ல. உத்தரவு போட்டு ஆட்களை நகர்த்த அவரால் முடியாது. வேலை வாங்கித் தந்து, வழக்குத் தீர்த்து, பாதுகாப்புக் கொடுத்தால்தான் அவர் சொல் எடுபடும். கட்டுமான ஒப்பந்தங்களை ஒரு குலத்துக்கே கொடுத்தால் பக்கத்துக் குலம் பகையாகிவிடும்.

இரவில் கதவை உடைத்துப் பெண்கள் இருக்கும் அறைக்குள் நுழைந்ததும், குடும்பத்தார் கண்முன்னே ஆண்களைத் தரையில் அழுத்தியதும் பெரிய தவறுகள். தங்கள் நடவடிக்கையால் நேர்ந்த பொதுமக்கள் உயிரிழப்புக்கு அமெரிக்கர்கள் 2,500 டாலர் வரை கொடுத்தார்கள். அங்குள்ள வழக்கப்படி பெரியவர்கள் நேரில் வந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அது இல்லாமல் நீட்டிய பணம் அவமானமாகவே பட்டது.

2006 செப்டம்பரில் அன்பாரின் தலைநகரான ரமாதியில் அப்துல் சத்தார் அபு ரிஷா தலைமையில் பழங்குடிகள் அல்-கொய்தாவுக்கு எதிராகத் திரண்டதை டாலரின் வெற்றி என்று சொல்வதும் தவறு. அவர் முதல் வரிசை ஷேக் கூட இல்லை. ஆனால் ஊரை விட்டு ஓடாமல் நின்றவர். அல்-கொய்தா ஒரு ஷேக்கைக் கொன்று, உடலை அடக்கம் செய்யவிடாமல் மறைத்தது. அந்த அவமதிப்புதான் பலரை ஆத்திரத்தோடு திரளச் செய்தது. மறு ஆண்டே அபு ரிஷாவும் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்.

எல்லாவற்றையும் விடக் கொடிய தவறு, வாக்குக் கொடுத்துவிட்டு விலகியது. மாதம் சுமார் 300 டாலர் ஊதியத்தில் ஈராக் முழுவதும் சுமார் 1 லட்சம் பேர், அமெரிக்கர்கள் ஆதரித்த உள்ளூர்க் காவல் குழுக்களில் சேர்ந்தார்கள். 2008 இறுதியில் அவர்களைப் பாக்தாத் அரசிடம் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். அரசுக்கு அவர்கள் மீது நம்பிக்கை இல்லை. பலருக்குச் சொன்ன வேலை கிடைக்கவில்லை, சிலர் கைதானார்கள். 2014-இல் அன்பாரின் ஹித் நகரம் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பின் கையில் விழுந்தபோது, அமெரிக்கர்களோடு நின்ற அல்பு நிம்ர் குலத்தில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் கேட்டு அவர்கள் முன்கூட்டியே மன்றாடியிருந்தார்கள். போதுமான உதவி வந்து சேரவில்லை.